மொதப்பந்தியும் என் பெரியப்பாவின் ஒற்றை நட்சத்திரமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்தில் கடந்த சில வருடங்களில் நடந்த எந்த விசேஷத்தின் ஆல்பத்தையும் எடுத்துப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா, எதுவானாலும் சரி. பந்தி போட்டோவில், முதல் வரிசையில், ஓரத்திலிருந்து மூன்றாவது இலையில், வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்காரர் என்பார்கள். அவர் இரண்டு வீட்டுக்கும் உறவில்லை. விருந்தாளிகளைக் காரில் கூட்டிக்கொண்டு வந்த டிரைவர்.

அழைப்பு இல்லாத வீட்டில் முதுகை நிமிர்த்திக்கொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்த ஒரே மனிதர் எங்கள் சீமையில் அவர்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன். எங்கள் டிரைவர் கூட்டம் அவருக்கு வைத்த பெயர் மொதப்பந்தி. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஆதார் அட்டையில் பத்திரமாக இருந்தது.

அப்போது நான் வாரத்தில் ஐந்து நாள் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். சனி, ஞாயிறு, முகூர்த்த நாட்களில் ஆப் காருக்கு டிரைவர். மொதப்பந்தி ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரீஷியன். மில்லில் அவருக்கு வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை கொடுத்தார்கள். மீதி நாட்களில் அவரும் ஆப் கார்தான். மகள் மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இந்த ஓட்டம் கைச்செலவுக்கு. அவருக்கு அப்படி இல்லை.

போனைத் தட்டினால் வாசலுக்குக் கார் வரும் என்று ஆப் கம்பெனிக்காரன் சொல்லியிருந்தான். எங்கள் ஆட்கள் போனைத் தட்டுவார்கள். தட்டிய கையோடு கூப்பிடுவார்கள்.

"தம்பி, எங்க வாரீக?"

"நீங்க போட்ட எடத்துக்கு வந்துட்டேங்க. ஆளையே காணோம்."

"அங்க என்ன தெரியுது?"

"கருவேலமரமாத் தெரியுது."

"ஆங், அதேதான். அப்படியே வாங்க."

எங்கள் பக்கத்தில் கருவேலமரத்தை அடையாளம் வைத்து ஒரு வீட்டைக் கண்டுபிடித்தவன் இன்னும் பிறக்கவில்லை. ஒருவழியாகக் கண்டுபிடித்துப் போய் நின்றால், நாலு பேர் என்று சொன்ன இடத்தில் ஏழு பேர் நிற்பார்கள். கூடவே சீர்த்தட்டுகள், ஒரு பித்தளை அண்டா. "சின்னப்புள்ளைக எல்லாம் மடியிலதாம்ப்பா" என்பார்கள். அந்தச் சின்னப்பிள்ளைக்கு மீசை முளைத்திருக்கும். ஓ.டி.பி. நம்பர் கேட்டால் பெரியவர் ஒருவர் கோபித்துக்கொள்வார். "நம்பரு எதுக்குய்யா? அதான் எங்களையே நேர்ல பாத்துட்டியே."

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டிவிடலாம். தாண்ட முடியாதது ஒன்று உண்டு. விசேஷ வீட்டில் எல்லோரையும் இறக்கிவிட்டதும், "டிரைவரு, வண்டிய அங்கிட்டு ஓரமாப் போட்டுக்கங்க" என்று ஒரு குரல் வரும். அதோடு நம்மை மறந்துவிடுவார்கள். போகவர புக் செய்த சவாரி என்பதால் மூன்று நாலு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். கூட்டம் கலைந்து, சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆரம்பிக்கும்போது யாருக்காவது ஞாபகம் வரும். "ஏப்பா, அந்த டிரைவரு சாப்ட்டாரா?" பிறகு அடுப்படிக்குப் பக்கத்தில், அடுக்கிவைத்த நாற்காலிகளுக்கு நடுவே ஓர் இலை போடுவார்கள். சாம்பார் முடிந்திருக்கும். ரசம் ஆறியிருக்கும்.

நான் அதற்கும் போவதில்லை. எங்களுடையது கடைக்காரக் குடும்பம். பெரியப்பா பலசரக்கு மொத்த வியாபாரி. அவருடைய தம்பி மகன் வாடகைக்குக் கார் ஓட்டுகிறான் என்று சொந்தக்காரர் எவராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில், காருக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு, சீட்டைச் சாய்த்து, வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர்ச்சோற்றைச் சாப்பிடுவேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்குவதுபோல் கிடப்பேன்.

மல்லாங்கிணற்றில் ஒரு காதுகுத்து விழாவில் அப்படித் துண்டுக்குள் கிடந்தபோதுதான் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. விழா வீட்டுக்காரர் என்று நினைத்துப் பதறி எழுந்தேன்.

"ஏலே, சோத்த ஏன் திருட்டுப் பொருளு மாதிரி ஒளிச்சு வச்சுத் திங்கிற?" என்றார்.

"நீங்க யாருங்க?"

"ஒன் வண்டிக்குப் பின்னால நிக்கிற வண்டி. எறங்கு. மொதப் பந்திக்கு எல போட்டாச்சு."

"நான் டிரைவருங்க."

"அதான் தெரியுதே. டிரைவருக்கு வயிறு மணி பாத்துத்தான் பசிக்குமா? கூட்டிட்டு வந்தவக உக்காந்தாச்சு. கூட வந்தவன் உக்கார வேணாமா?"

நான் வரவில்லை என்று தலையாட்டினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு நேராகப் போனார். கை கழுவினார். முதல் வரிசையில் மூன்றாவது இலையில் உட்கார்ந்தார். காருக்குள்ளிருந்து நான் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது பிடித்துத் தள்ளுவார்கள், இதோ தள்ளப்போகிறார்கள் என்று காத்திருந்ததில் என் தயிர்ச்சோறு காய்ந்துபோனது. யாரும் தள்ளவில்லை. பரிமாறுகிறவரைத் திரும்பக் கூப்பிட்டுக் கூட்டு வேறு கேட்டார்.

அதன் பிறகு ஓட்டம் இல்லாத நேரங்களில் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்துகொள்வோம். மூன்றாவது இலை எதற்கு என்று கேட்டேன். முதல் இலை பெரிய மனிதர்களுக்கு, அதில் உட்கார்ந்தால் கேள்வி வரும். கடைசி இலைக்குச் சாம்பார் வரும்போது வாளி காலியாகிவிடும். நடுவில் போனால் குழந்தைகளுக்கு ஊட்டுகிற தாய்மார்களிடம் மாட்டிக்கொள்வோம். மூன்றாவதுதான் பத்திரமான இடம். பல விசேஷங்களில் ஆராய்ந்து கண்டுபிடித்ததாகச் சொன்னார். சாப்பிட்ட பிறகு மேடைக்குப் போய்ப் பெண் மாப்பிள்ளைக்கு அட்சதை போட்டுப் போட்டோவுக்கும் நிற்பார். "எம்புட்டுத் தூரத்துலருந்து கூட்டிட்டு வந்திருக்கேன், வாழ்த்தாமப் போறதா?" என்பார்.

அதோடு, சாப்பிட்டுவிட்டுச் சும்மா வருகிற ஆளும் இல்லை. திருச்சுழிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் சமையல்காரரையே கூப்பிட்டு, "அண்ணே, வத்தக்கொழம்பு தங்கம். அவியல்லதான் தேங்கா ரொம்பப் பேசுது" என்றார். சமையல்காரர் அவரைப் பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்துக் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஒரே ஒரு ஊரில்தான் மொதப்பந்தி தோற்றுப்போனார். வீரசோழன் என்ற ஊரில் ஒரு நிக்காஹ் வீட்டுக்கு மூன்று பேரைக் கொண்டுபோய் இறக்கினார். வழக்கம்போல் வேட்டியைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, யாராவது தடுத்தால் என்ன பேசுவது என்று தயாராக இறங்கியிருக்கிறார். வீட்டுக்காரர் நேரே வந்து, "வாங்கண்ணே, கை கழுவுங்க" என்று தோளைப் பிடித்துக் கூட்டிப்போய், பெரிய தாம்பாளத்தைச் சுற்றி இவரையும் அந்த மூன்று பேரையும் உட்காரவைத்துவிட்டார். அங்கே சகன் சாப்பாடு. ஒரே தட்டில் நாலு பேர் கைவைத்துச் சாப்பிட வேண்டும். முதலாளி எந்தப் பக்கம், டிரைவர் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாத வட்டத் தட்டு.

மறுநாள் டீக்கடையில் முகம் தொங்கிப் போயிருந்தார்.

"பிரியாணி நல்லால்லையா?"

"பிரியாணிக்கு என்ன கொற. சண்ட போட எடமே இல்லாமப் போச்சு மாப்ள. சண்டையில்லாமச் சாப்ட்டா எனக்குச் செரிக்க மாட்டேங்குது."

அவர் எதற்காக இப்படி வம்பாக நிற்கிறார் என்பது பரளச்சி ரோட்டில் ஒருநாள்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வண்டியும் ஒரே வீட்டு ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. என் டயர் பஞ்சர். மாற்று டயரை மாட்டிவிட்டு, கரிசல் காட்டு ஓரம் இரண்டு பேரும் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றோம்.

"சோத்துக்கு இம்புட்டு அலைச்சல் தேவையாலே?" என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க அய்யா காட்டு வேல பாத்தவரு. அவரு வேல பாத்த வீட்டுல ஒரு கல்யாணம். வாழமரம் கட்டுனது, பந்தக்கால் ஊண்டுனது, தண்ணி சொமந்தது, எல்லாம் அவருதான். மூணு நாளு. கடைசியில சாயங்காலம் கொல்லப்பக்கமா வரச்சொல்லி, கொண்டுபோன குண்டாவுல எல்லாத்தையும் ஒண்ணா ஊத்திவிட்டாக. சோறு, கொழம்பு, பாயாசம் எல்லாம் ஒண்ணு. அவரு கட்டுன பந்தலு, உள்ள என்ன கலர்ல துணி கட்டிருக்குன்னு அவருக்குத் தெரியாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் சோத்துக்கு அலையல. எங்க வீட்டுல சோறு இருக்கு. நான் எடத்துக்கு அலையுறேன்."

நான் பஞ்சரான டயரைத் தூக்கி டிக்கியில் போட்டேன். எங்கள் குடும்பத்து விசேஷங்களிலும் கொல்லைப்பக்கம் குண்டாக்களோடு ஆட்கள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லா வீட்டுக்காரர்களும் அவரைத் தாய்மாமன் என்று நம்பவில்லை. காரியாபட்டிக்காரர் ஒருவர், "எங்களுக்கு முன்னால் டிரைவர் சாப்பிட்டுவிட்டார்" என்று ஆப்பில் புகார் எழுதினார். கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மொதப்பந்தி டீக்கடையில் ஸ்பீக்கரில் போட்டு எங்களையும் கேட்கவைத்தார்.

"சார், கஸ்டமரோட ஃபங்ஷன்ல நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்ட்டேன் தாயி. பொரியல்ல உப்பு கம்மி. அதையும் எழுதிக்கிருங்க."

"சார், நீங்க வெளியில வெயிட் பண்ணணும்."

"வெளியில வெயிலு நல்லா அடிக்குது தாயி. நீங்க ஏசியில இருந்து பேசுறீக. மத்தியானம் சாப்ட்டீகளா?"

அந்தப் பெண் இன்னும் இல்லை சார் என்றாள். "மொதல்ல சாப்டுங்க. பெறகு என்னைய வையலாம்" என்று போனை வைத்தார்.

இரண்டாவது புகார் பந்தல்குடியிலிருந்து வந்தது. "டிரைவர் நீ போய்க் கடைசியில உக்காரு" என்று சொன்ன ஒருவரிடம், "கடைசியில உக்காந்தா வண்டியும் கடைசியாத்தான் எடுப்பேன், பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறார். இந்தத் தடவை போன் வரவில்லை. எழுத்திலேயே வந்தது. இன்னொரு புகார் வந்தால் ஐடி நிரந்தரமாக முடக்கப்படும். ஐடி போனால் ஆப்பில் சவாரி கிடையாது. மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு மிச்சம்.

நாங்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். அந்த ஒரு வருடம் மட்டும் வாயையும் வயிற்றையும் கட்டிக்கொண்டு இரு, அதற்குப் பிறகு ஜனாதிபதி வீட்டு விசேஷத்தில்கூட முதல் இலையில் உட்கார் என்றோம். சரி சரி என்று தலையாட்டினார். அடுத்த முகூர்த்தத்தில் மூன்றாவது இலையில் இருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் என் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது.

அருப்புக்கோட்டையிலேயே ஒரு மண்டபம். தங்கைக்கு உடன்பிறந்த ஆண்பிள்ளை இல்லாததால் அண்ணன் ஸ்தானத்தில் நான்தான். பட்டு வேட்டி கட்டிச் சாப்பாட்டுக் கூடத்தைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு. திருச்சுழியிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை குடும்பத்தைக் கூட்டிவரப் பெரியப்பா தன் போனிலேயே ஆப் கார் புக் செய்திருந்தார். கார் வந்து நின்றது. அத்தை இறங்கினார். மாமா இறங்கினார். டிரைவர் பக்கத்துக் கதவு திறந்து, தும்பைப்பூப் போன்ற வெள்ளைச் சட்டையில் மொதப்பந்தி இறங்கினார்.

நான் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். என் பட்டு வேட்டியைப் பார்த்தார். கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கை கழுவுகிற இடத்துக்குப் போனார்.

முதல் பந்தி சம்பந்தி வீட்டாருக்கு. உப்பு, ஊறுகாய், இனிப்பு, பொரியல் என்று இலை நிறைந்துகொண்டிருந்தது. பெரியப்பா கும்பிட்டுக்கொண்டே வரிசையில் வந்தார். மூன்றாவது இலையில் நின்றார். அங்கேயும் கும்பிட்டார். மொதப்பந்தி எழுந்திருக்காமலே பெரிய மனுசத் தோரணையில் திருப்பிக் கும்பிட்டார். நாலடி தள்ளி வந்த பெரியப்பாவுக்கு ஏதோ உறுத்தியது. போனை எடுத்தார். ஆப்பில் டிரைவர் படம் இருக்கும். படத்தைப் பார்த்தார், பந்தியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஏண்டா, இது நான் புக் பண்ணுன டிரைவருல்ல?"

"ஆமா பெரியப்பா."

"ஒனக்குத் தெரியுமா இந்த ஆள?"

"லேசாத் தெரியும்."

மூன்று வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவரை லேசாகத் தெரியும் என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"சம்பந்திக்காரக இன்னும் எட்டுப் பேரு எடமில்லாம நிக்கிறாக. டிரைவருக்கு மொதப் பந்தியா? எந்திரிக்கச் சொல்லு. இல்லாட்டி இங்கனயே ஒத்த ஸ்டாரப் போட்டுக் கம்பெனிக்கு எழுதிருவேன். போ."

பந்தியில் உட்கார்ந்த ஆளை இலையிலிருந்து எழுப்புவது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதற்காகவே மூன்று தலைமுறை பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிற குடும்பங்கள் உண்டு. நான் நடந்தேன். இருபதடி தூரம் இருக்கும். நடந்துகொண்டே இருந்தேன்.

"வா மாப்ள. நல்ல ஏற்பாடு" என்றார் மொதப்பந்தி.

குனிந்து அவர் காதோடு சொன்னேன். "பெரியப்பா போனத் தொறந்து வச்சிக்கிட்டு நிக்கிறாரு. மூணாவது கம்ப்ளெயிண்டுலே. ஐடி போயிரும். ஒம் மகள நெனச்சுப் பாரு. பேசாம எந்திரிச்சு வா. அடுத்த பந்தியில நானே எடம் பிடிச்சுத் தாரேன்."

அவர் திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்தார். உப்பை விரலால் ஓரமாக ஒதுக்கினார்.

"ஐடி கம்பெனி குடுத்தது மாப்ள. வேணும்னா அவுக எடுத்துக்கிறட்டும். இந்த எல ஒங்க வீட்டுல போட்டது. போட்ட எலையிலருந்து எந்திரின்னு சொல்லணும்னா காதுக்குள்ள சொல்லாத. சத்தமாச் சொல்லு. பந்தியில இருக்க அம்புட்டுப் பேரும் கேக்கட்டும். நீ சொன்னா எந்திரிச்சிருறேன்."

நான் நிமிர்ந்தேன். வாயைத் திறந்தேன். மாப்பிள்ளையின் அத்தை என்னையே பார்த்தார். பெரியப்பா தூணருகில் கட்டைவிரலைப் போன் மேல் வைத்துக்கொண்டு நின்றார். பருப்பு வாளியோடு வந்த பையன் எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போகத் தெரியாமல் நின்றான்.

நான் அவன் கையிலிருந்து வாளியை வாங்கினேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். மொதப்பந்தி இலையில் ஒரு கரண்டி பருப்பை ஊற்றிவிட்டு, யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னேன்.

"நல்லாச் சாப்புடுங்க. கேட்டு வாங்கிச் சாப்புடுங்க."

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். அந்த முகத்தில் அப்போது என்ன ஓடியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது ஒரு நொடிதான்.

"நெய்யி யாரு ஊத்துவா? ஒங்க பெரியப்பாவா?" என்றார்.

நெய்யும் நானே ஊற்றினேன். சாம்பார், வத்தக்குழம்பு எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே நின்றேன். ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது அவர் சட்டைப்பையில் போன் டிங் என்றது. இடது கையால் எடுத்துப் பார்த்தார். திரும்பப் பைக்குள் போட்டார்.

"போயிருச்சா?" என்றேன்.

"போயிருச்சு. ரசம் நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்து."

மோர் வரை சாப்பிட்டார். இலையைத் தன் பக்கமாக மடித்தார். மேடைக்குப் போய் என் தங்கைக்கு அட்சதை போட்டுப் போட்டோவுக்கும் நின்றார். ஐடி முடங்கிப்போன பிறகு அந்தச் சவாரிக்கு அவர் பொறுப்பில்லை. ஆனாலும் சாயங்காலம் அத்தை குடும்பத்தைத் திருச்சுழியில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் டீக்கடையில், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் ஐடியைத் திரும்பத் தருவார்களாம் என்று ஒருவன் சொன்னான். "சாப்ட்டதுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுற அளவுக்கு எனக்குத் தமிழ் தெரியாது" என்றார் மொதப்பந்தி. எழுதவில்லை. மில்லில் கெஞ்சி இரட்டை ஷிப்டு வாங்கினார். மகள் படிப்பு நிற்கவில்லை. ஆனால் அந்த ஏழெட்டு மாதத்தில் அவர் சட்டை இரண்டு அளவு பெரிதாகிவிட்டது. யாரிடமும் ஒரு வார்த்தை புலம்பியதில்லை. பெரியப்பாவைப் பற்றிக்கூட, "அவுக கையில இருந்தது ஒத்த ஸ்டாருதான், அதக் குடுத்துட்டாக" என்பதோடு சரி.

பெரியப்பா என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. எனக்கும் அது அப்படியொன்றும் சிரமமாக இல்லை.

அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த முகூர்த்தத்தில் நான் காரியாபட்டிக்குச் சவாரி போனேன். தயிர்ச்சோறு கொண்டுபோகவில்லை. இறங்கினேன், கை கழுவினேன், முதல் வரிசையில் மூன்றாவது இலையில் உட்கார்ந்தேன். யார் வந்து எழுப்பப்போகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததில் ரசம் முழங்கை வரை ஓடியது. பக்கத்து இலைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரு வீடு?"

"யாரு வீடும் இல்ல. நான் டிரைவரு" என்றேன், மண்டபம் அதிர.

"அப்படியா. கூட்டு வாங்கிக்கிருங்க, தீந்துரப் போகுது" என்றார் அவர்.

அவ்வளவுதான் நடந்தது. இதற்காகவா இத்தனை வருடம் துண்டுக்குள் கிடந்தேன் என்று எனக்குக் கோபமாக வந்தது. கோபத்தில் இரண்டு தடவை பாயசம் வாங்கினேன். என்னைப் பார்த்து மற்ற டிரைவர்களும் ஒவ்வொருவராக இறங்க ஆரம்பித்தார்கள். எல்லார் மேலும் புகார் போய், எல்லார் ஐடியையும் முடக்கினால் ஊரில் கார் ஓடாது என்று தெரிந்ததும் கம்பெனி வாயை மூடிக்கொண்டது. இப்போது எங்கள் பக்கத்து மண்டபங்களில், "டிரைவருக எத்தன பேருன்னு கேட்டு எல போடுங்கப்பா. அந்த மொதப்பந்தி வந்து தொலச்சுரப் போறாரு" என்று வீட்டுக்காரர்களே சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். மொதப்பந்தியின் நம்பரைக் கேட்டு வாங்கி நேராகக் கூப்பிடுகிறவர்களும் வந்துவிட்டார்கள். அவருக்கு ஆப் தேவைப்படவில்லை.

போன தை மாதம் நான் ஒரு சின்ன வீடு கட்டிக் குடிபோனேன். முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். உறை மேல் அவருடைய சொந்தப் பெயரை எழுதியிருந்தேன். வெகுநேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழ்க்கையில் எத்தனையோ விசேஷங்களில் சாப்பிட்ட மனிதருக்கு, உறவில்லாத வீட்டிலிருந்து வந்த முதல் பத்திரிகை அதுதான் என்று அவர் மனைவி சொன்னார்.

விசேஷத்தன்று விடியும் முன்பே வந்துவிட்டார். முதல் பந்திக்கு இலை போட்டதும் கூப்பிட்டேன். "இந்தா வாரேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டாவது பந்திக்குக் கூப்பிட்டேன். வந்த வண்டிகளின் டிரைவர்களையெல்லாம் கையைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பந்திக்கு நான் போய் அதட்டினேன். "ஒஞ் சோலியப் பாருலே" என்றார்.

கூட்டமெல்லாம் போன பிறகு, கடைசிப் பந்தியில் அவருக்கும் எனக்குமாக இரண்டே இலை. என் மனைவி பரிமாறினாள். சாம்பார் முடிந்திருந்தது, பாயசம் அடிப்பிடித்திருந்தது.

"எத்தன தடவ கூப்ட்டேன், ஏலே. நீ போயி கடைசிப் பந்தியில உக்காருற."

அவர் ஆறிப்போன ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"விருந்தாளியத்தான் மாப்ள மொதல்ல உக்கார வைப்பாக. வீட்டாளுக எப்பவும் கடைசியிலதான சாப்புடுவாக?"

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அன்றைக்கு மத்தியானம் மூன்றே முக்கால் மணிக்கு அந்தக் குறை தீர்ந்தது.